தலையை ஆட்டினோம், மாத்திரையை எறிந்தோம்



இந்த முறை நமது பாடம் சமூக உளவியல் என்ற படிப்பைப் பற்றியது. பெயரைக் கேட்டதும் இது நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு மனிதர் தனியாக இருக்கும்போது ஒரு மாதிரி நடக்கிறார். வீட்டாரோடு இருக்கும்போது வேறு மாதிரி. நாலு பேர் கூடிய இடத்தில் இன்னொரு மாதிரி. அது ஏன் என்று ஆராய்வதுதான் அந்தப் படிப்பு. லயத்தில் வாழ்கிறவர்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. ஒரே கூரை, ஒரே ஸ்தோப்பு, தண்ணீருக்கு ஒரே பீலி. பக்கத்துக் காம்பராவில் கரண்டி விழுந்தால் நம் காம்பராவில் கேட்கும். அடுத்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம் வராமல் ஒரு நாளையாவது நம்மால் கழிக்க முடியுமா?

முதலில் நாம் விட்ட ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் வேலை செய்தபோது, கர்ப்பிணித் தாய்மாரைப் பிள்ளைக் காம்பராவுக்கு அழைத்து ஒரு கூட்டம் வைத்தோம். இரத்தசோகையைப் பற்றிய கூட்டம். படம் வரைந்து சுவரில் ஒட்டினோம். இரத்தம் குறைந்தால் தாய்க்கு என்ன வரும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு என்ன வரும் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். கிளினிக்கில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னோம். "விளங்குதா?" என்று கேட்டோம். "விளங்குதுங்க ஐயா" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. நல்ல கூட்டம் என்று நினைத்துக்கொண்டு அறிக்கை எழுதி அனுப்பினோம்.

இரண்டு மாதம் கழித்து, அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, ஏழு மாதக் கர்ப்பிணி, கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வரும் வழியில் மயங்கி விழுந்தாள். கூடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கர்ப்பிணிக்கு இரத்தத்தில் 11 இருக்க வேண்டிய அளவு அவளுக்கு எட்டுக்கும் கீழே இருந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளை நாள் சேராமல், மிகவும் எடை குறைவாகப் பிறந்தது. அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று பெரிய மழை. லயத்துப் பின்பக்கக் கானில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தவர் நம்மைக் கூப்பிட்டுக் காட்டினார். மண்ணோடு மண்ணாக மாத்திரைகள். ஒரு வீட்டு மாத்திரை அல்ல. பல வீட்டு மாத்திரைகள்.

முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்று வாய்விட்டும் சொன்னோம். பிறகு யோசித்தபோது கேள்வி வேறாகத் தெரிந்தது. அத்தனை பேரும் தலையை ஆட்டினார்களே, அது பொய்யா? பொய் இல்லை என்றால் ஏன் விழுங்கவில்லை?

இதே கேள்வியோடு வேறு ஒருவர் பல வருடங்களுக்கு முன்பே பாடுபட்டிருக்கிறார் என்பது பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் நமக்குத் தெரிய வந்தது. அவர் பெயர் குர்ட் லெவின். யூத குடும்பத்தில் 1890-இல் பிறந்தவர். ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் நாட்டை விட்டுப் போய் அமெரிக்காவில் குடியேறினார். ஐயோவா என்ற மாநிலத்தில் பிள்ளைகளின் நலனை ஆராயும் நிலையம் ஒன்றில் வேலை செய்தார். அப்போது இரண்டாம் உலகப் போர். நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளில் சத்து நிறைய உண்டு, விலையும் குறைவு. ஆனால் அங்குள்ள குடும்பப் பெண்கள் அவற்றைச் சமைப்பதில்லை. நம்மில் பலர் இதை வாசித்து முகத்தைச் சுளிப்பீர்கள். அவர்களும் அப்படித்தான் சுளித்தார்கள். உள்ளுறுப்பு என்றால் மணம், ஏழைச் சாப்பாடு, புருஷன் தொடமாட்டார் என்ற பேச்சு.

லெவின் ஆறு குழுக்களை எடுத்தார். ஒவ்வொரு குழுவிலும் 13 முதல் 17 பெண்கள். மூன்று குழுக்களுக்கு நல்ல பேச்சாளரைக் கொண்டு பிரசங்கம் வைத்தார்கள். சத்துக்களைப் பற்றிப் படம் காட்டி விளக்கினார்கள், சமைக்கும் முறையை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். மற்ற மூன்று குழுக்களில் பிரசங்கம் இல்லை. விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "உங்களைப் போன்ற குடும்பப் பெண்களுக்கு இதைச் சமைக்க என்ன தடை?" என்று கேட்டு அவர்களையே பேசவிட்டார்கள். மணத்தைப் பற்றிப் பேசினார்கள், புருஷனைப் பற்றிப் பேசினார்கள். இதற்கு ஒரு வழி இருந்தால் நல்லது என்று அவர்களுக்கே தோன்றிய பிறகுதான் சத்துணவு தெரிந்தவர் சமைக்கும் முறையைச் சொன்னார். முடிவில், வருகிற கிழமையில் ஒரு தடவையாவது சமைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்கள். இரண்டு வகைக் கூட்டத்துக்கும் நேரம் ஒன்றுதான், 45 நிமிடம். பிறகு வீடு வீடாக விசாரித்தபோது, பிரசங்கம் கேட்டவர்களில் 100-க்கு 3 பேர்தான் புதிதாகச் சமைத்திருந்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 100-க்கு 32 பேர்.

மூன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பிள்ளைக் காம்பராவில் நாம் நடத்திய கூட்டம் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. நம் கூட்டத்தில் பேசியது நாம் ஒருவர்தான். அவர்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

முப்பத்திரண்டு என்றால் மீதி அறுபத்தெட்டுப் பேர் சமைக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இது மந்திரம் அல்ல. ஆனாலும் அதே ஐயோவாவில், முதற் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் தாய்மாரிடமும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலருக்குத் தனித்தனியாக ஆலோசனை சொன்னார்கள், சிலரை ஆறு ஆறு பேராக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். பிள்ளைக்கு மீனெண்ணெயும் தோடம்பழச் சாறும் கொடுப்பதைப் பற்றிய பேச்சு. தனியாக ஒருத்திக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பொறுமையாகச் சொன்னதைவிட, அதே நேரத்தில் ஆறு பேர் கூடிப் பேசியதுதான் வீட்டுக்குப் போன பிறகும் நிலைத்தது.

சரி, கூடிப் பேசினால் ஏன் வேலை நடக்கிறது? இதை விளங்கிக்கொள்ள இன்னொருவரிடம் போக வேண்டும்.

சொலமன் ஆஷ் என்பவர் போலந்தின் வார்சோ நகரில் 1907-இல் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவுக்குப் போனவர். 1950-களில் அவர் செய்த பரிசோதனை மிக எளிமையானது. ஒரு அட்டையில் ஒரு கோடு. மற்ற அட்டையில் நீளம் வித்தியாசமான மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமான கோடு எது என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஏழெட்டு மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆஷ் முன்கூட்டியே சொல்லி வைத்த ஆட்கள். அவர்கள் 18 தடவையில் 12 தடவை வேண்டுமென்றே ஒரே பிழையான விடையைச் சொன்னார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவர் கடைசிக்குச் சற்று முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தன் கண் ஒன்றைக் காட்டுகிறது, கூட்டம் இன்னொன்றைச் சொல்கிறது. அவர் என்ன செய்வார்?

இப்படி 123 பேரைச் சோதித்ததாக 1955-இல் ஆஷ் எழுதினார். அந்தத் தடவைகளில் சொன்ன விடைகளில் 100-க்கு 36.8 கூட்டத்தோடு சேர்ந்த பிழை விடைகள். தனியாக இருந்து சொல்லும்போது 100-க்கு ஒன்றுகூடப் பிழைக்காத விஷயம் இது. எதிரே ஒருவர் மட்டும் பிழையாகச் சொன்னால் பெரும்பாலும் யாரும் அசையவில்லை. இரண்டு பேர் சொன்னால் கொஞ்சம் அசைந்தார்கள். மூன்று பேர் ஆனதும் பாரம் ஏறிவிட்டது. அதற்குமேல் ஆட்கள் கூடியும் பாரம் பெரிதாகக் கூடவில்லை. நாலில் ஒருவர் மட்டும் கடைசி வரை கூட்டத்துக்கு மசியவே இல்லை. அந்த நாலில் ஒருவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எல்லாத் தோட்டத்திலும் ஒரு கிழவியாவது அப்படி இருப்பார்.

நமக்கு முக்கியமான பகுதி இனித்தான் வருகிறது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் போதும். அந்தப் பாவப்பட்ட மாணவர் கூட்டத்தோடு சேர்ந்து பிழைப்பது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இவருக்குத் தேவைப்பட்டது வாய் திறக்கிற ஒரு துணை மட்டும்தான்.

இதை வைத்துக்கொண்டு நம் லயத்தைப் பாருங்கள். கானில் மாத்திரையை எறிந்த ஒவ்வொரு பெண்ணும், தான் மட்டும்தான் எறிகிறோம், மற்றவர்கள் ஒழுங்காக விழுங்குகிறார்கள் என்று நினைத்திருந்தாள். வெளியே சொல்ல வெட்கம். இன்னொரு பக்கம், மாத்திரை கூடாது என்று லயத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், நான் மட்டும் விழுங்கி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். இரண்டும் ஒரே மனதுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். இருந்தது. மனித மனம் கணக்கப்பிள்ளையின் செக்ரோல் அல்ல, கூட்டினால் சரியாக வருவதற்கு.

இந்த விஷயங்களை ஓரளவு விளங்கிக்கொண்ட பிறகு இரண்டாவது கூட்டத்தை வைத்தோம். இம்முறை நாம் உள்ளே போகவில்லை. ஐயா உட்கார்ந்திருந்தால் பெண்கள் ஐயாவுக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள். மருத்துவமாது அம்மாவும் பிள்ளைக் காம்பரா ஆயாவும் இருந்தார்கள். ஒன்பது கர்ப்பிணிகள். மருத்துவமாது அம்மாவின் யோசனையில், அவர்களோடு அவரவர் மாமியாரையோ தாயையோ அழைத்தோம். வாங்கு போடவில்லை. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். நாம் வெளியே ஸ்தோப்பில் பதிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதுவதுபோல் இருந்தோம். காது உள்ளேதான் இருந்தது.

மருத்துவமாது அம்மா, மாத்திரை நல்லது என்று தொடங்கவில்லை. "இந்த மாத்திரைய குடிக்கிறதுல என்னா கஷ்டம்? எனக்குச் சொல்ல வேணாம். நீங்களே ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கங்க" என்றார்.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. ஒரு பிள்ளை இருமியது. மாமியார்கள் கூரையைப் பார்த்தார்கள். அப்புறம் மயங்கி விழுந்த அந்தப் பெண்ணின் மாமியார், அவரையும் ஆயா கூப்பிட்டிருந்தார், மெதுவாகச் சொன்னார்: "நான்தான் எறியச் சொன்னேன். மாத்திரை போட்டா புள்ள பெருத்துரும், பெக்க முடியாதுன்னு எங்க அம்மா காலத்துல இருந்து சொல்றாங்க. மருமகப் புள்ள மேல தப்பில்ல."

அதன் பிறகு மடை உடைந்த மாதிரி. ஒருத்தி, வயிற்றால் கறுப்பாகப் போகிறது என்றாள். அதைக் கேட்டதும் மூன்று பேர், "எனக்குந்தான், எனக்குந்தான்" என்றார்கள். ஒருத்திக்குக் காலையில் விழுங்கினால் மலையில் குமட்டல் வருகிறது, கங்காணி ஏசுவார் என்று பயம். ஒருத்திக்கு மலச்சிக்கல், கக்கூசுக்குத் தூரம் நடக்க வேண்டும். ஒருத்தி, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொன்னார்களே என்று கேட்டபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அவளும் சிரித்தாள். முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியும் இவற்றில் ஒன்றுகூட நமக்குத் தெரிய வரவில்லை.

எல்லாம் வெளியே வந்த பிறகுதான் மருத்துவமாது அம்மா பேசினார். உங்களுக்கும் உதவும் என்பதால் அவர் சொன்னதை எழுதுகிறோம். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், அதனால் கெடுதி இல்லை. குமட்டினால் காலையில் வேண்டாம், இரவு படுக்கும் முன் விழுங்கலாம். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பது இந்த மாத்திரையால் அல்ல. இரத்தம் இல்லாத தாய்க்குத்தான் பிரசவத்தில் ஆபத்து கூட. எலுமிச்சை, கொய்யா, நெல்லி போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாக உடலில் சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. எதைப் போட்டாலும் வாந்தி நிற்கவில்லை என்றால் எறியாமல் கிளினிக்கில் வந்து சொல்ல வேண்டும், வேறு வழி செய்து தருவார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் வட்டத்தையே கலக்கியது. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. தேயிலையில் உள்ள துவர்ப்பு, சோற்றிலும் கீரையிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

"அப்ப நாங்க எடுக்குற கொழுந்தே எங்க ரத்தத்த எடுக்குதா?" என்று உள்ளிருந்து ஒரு குரல். யாருடையது என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

இங்கே லெவின் சொன்ன இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தின் வாய்க்கு வரும் சாப்பாடு பல வழிகளால் வருகிறது, ஒவ்வொரு வழியிலும் ஒரு வாசல் இருக்கிறது, அந்த வாசலைத் திறந்து மூட ஒரு ஆள் இருக்கிறார் என்றார் அவர். சாப்பிடுகிறவரிடம் எவ்வளவு பேசினாலும் வாசற்காரரிடம் பேசாவிட்டால் பயன் இல்லை. அவருடைய ஊரில் அந்த வாசற்காரர் பெரும்பாலும் வீட்டுத் தலைவி. நம் லயத்தில் யார்? இளம் மருமகள் அல்ல. அடுப்படி மாமியார் கையில், சம்பளம் பல வீடுகளில் புருஷன் கையில், கடன் கொப்பி கடைக்காரர் கையில். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிற பிள்ளையிடம் "சத்தாகச் சாப்பிடு" என்று பிரசங்கம் செய்தோமே, அதை நினைத்தால் இப்போதும் நமக்கு வெட்கமாக இருக்கிறது.

கூட்டத்தின் முடிவில், அடுத்த கிளினிக் நாள் வரை மட்டும் செய்து பார்ப்போம் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். கையை உயர்த்தச் சொல்லவில்லை. இதற்கும் காரணம் உண்டு. லெவினுக்குப் பிறகு எடித் பென்னட் என்பவர் 1955-இல் இதையே மறுபடி ஆராய்ந்து, எல்லார் முன்னிலையிலும் கை உயர்த்துவது அவ்வளவு முக்கியம் அல்ல என்று கண்டார். ஒருவர் தானாக முடிவெடுப்பதும், கூட இருப்பவர்களில் பெரும்பாலோர் அதே முடிவை எடுத்திருக்கிறார்கள் என்று அறிவதும்தான் வேலை செய்கிறது. கையை உயர்த்தாதவளை ஊர் கணக்கெடுக்கும். லயத்தில் அது நல்லதுக்கு இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு ஒன்பது பேரில் ஏழு பேர் மாத்திரை முடித்து வந்தார்கள். இரண்டு பேர் முடிக்கவில்லை. ஒருத்திக்கு உண்மையாகவே வாந்தி. மற்றவள் காரணம் சொல்லவில்லை, நாமும் துருவிக் கேட்கவில்லை.

உங்கள் லயத்திலும் இப்படிக் கூடிப் பேச விரும்பினால் மாதர் சங்கமோ சீட்டுக் கூட்டமோ போதும், தனியாக மேடை வேண்டாம். ஆள் குறைவாக இருக்கட்டும். இருபது பேருக்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், மறுபடி பிரசங்கம்தான். உத்தியோகத்தர்களும் தலைவர்மாரும் வெளியே இருப்பது நல்லது. விஷயம் தெரிந்த ஒருவர் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டும், ஆனால் கடைசியில் பேச வேண்டும். அவர் இல்லாவிட்டால் கூட்டம் வதந்தியின் பக்கமும் சாயும். மூன்று பேர் சேர்ந்து பிழையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம். பேசாமல் இருப்பவரைச் சம்மதித்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் கூட்டத்தில் தலையை ஆட்டியவர்களை அப்படித்தான் நாம் எண்ணினோம்.

மாத்திரைக்கு மட்டும் உரிய பாடம் அல்ல இது. சம்பள நாள் பின்னேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து காசு போட்டுப் போத்தல் எடுக்கிறார்கள். அதில் இரண்டு பேராவது, இன்றைக்குப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கியிருக்கலாமே என்று மனதுக்குள் நினைக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் சந்தோஷமாகக் குடிக்கிறார்கள், நான் மட்டும் எப்படி எழுந்து போவது என்று இருக்கிறார்கள். அடுத்தவரும் அதையேதான் நினைக்கிறார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதை ஆராய்ந்து 1993-இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அங்கு நடக்கும் குடி தனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, ஆனால் மற்ற மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று மாணவர்கள் பொதுவாக நினைத்தார்களாம். பெரிய படிப்புப் படிக்கிறவர்களும் நம் லயத்துச் சம்பள நாள் கூட்டமும் இதில் ஒன்றுதான்.

ஆண்களோடும் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரிவரவில்லை. பழக்க தோஷத்தில், குடியின் தீமைகள் என்று தொடங்கி அரை மணி நேரம் நாமே பேசிவிட்டோம். நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் தலையை ஆட்டினார்கள். தை மாதம் கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு அண்ணன் இதை நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார். நாம் அந்தப் பக்கம் போகப் போவதில்லை.

அந்த மாமியாரை இப்போதும் பார்ப்பதுண்டு. எடை குறைந்து பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. போன மாதம் ஒரு விண்ணப்பப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பகல் நேரம் அந்த வீட்டுக்குப் போனோம். மருமகள் இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நமக்கும் ஒரு கோப்பைச் சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்து வழக்கம்போல் தேத்தண்ணிக்குக் காத்திருந்தோம். வரவில்லை. கேத்தலில் தண்ணீர்கூட வைத்திருக்கவில்லை.

"தேத்தண்ணி இப்ப இல்லீங்க ஐயா" என்றார் மாமியார். "ஒரு மணித்தியாலம் போகட்டும். அதுவரைக்கும் இருந்துட்டுப் போங்க."